ஹாலிவுட்டில் கிரேக்கப் புராணம்: ஹீரோவின் பாவம் யார் தலையில்?

இழையைத் தொடங்கிய கேள்வி, 2025 பிப்ரவரி 9

"இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் ஹோமரின் காவியமான ஒடிஸியைப் படமாக எடுக்கப் போகிறார் என்ற செய்தி வந்ததிலிருந்து எனக்குப் பயம்தான். 'ட்ராய்' படத்தில் கடவுள்களையே தூக்கிவிட்டார்கள். பத்து வருடப் போரைச் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். கிரேக்கப் புராணத்தை உள்ளது உள்ளபடி எடுத்த ஒரு ஹாலிவுட் படமாவது உண்டா? இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு

உள்ளது உள்ளபடி என்றால் எதை வைத்து அளப்பது? கிரேக்கர்களிடமே ஒரே கதை இருந்ததில்லை. கி.மு. 412-இல் ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிபிடீஸ் ஒரு நாடகம் போட்டார். யாருக்காக ட்ராய் போர் நடந்ததோ அந்த ஹெலன் அதில் ட்ராய்க்குப் போகவே இல்லை. போனது அவளைப் போன்ற ஒரு மாய உருவம், நிஜ ஹெலன் எகிப்தில் இருந்தாள். இத்தனை பேர் செத்தது ஒரு பொய் உருவத்துக்காக. இதை ஏதென்ஸ் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கிரேக்க மாவீரன் அக்கிலீஸுக்குக் குதிகால் மட்டுமே பலவீனம் என்ற கதை ஹோமரில் இல்லை. இன்று நமக்குக் கிடைத்திருப்பதில் அது முதலில் தெளிவாக வருவது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம். கிரேக்கர்கள் உள்ளே ஒளிந்து நகருக்குள் நுழைந்த மரக்குதிரையும் ஹோமரின் போர்க்காவியமான இலியடில் கிடையாது. ஒடிஸியில் சுருக்கமாக வருகிறது, ரோமானியக் கவிஞர் வர்ஜில் விரிவாகச் சொல்கிறார். இலியட் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிந்துவிடுகிறது. அக்கிலீஸ் அப்போது உயிரோடுதான் இருக்கிறான், ட்ராய் நகரமும் நிற்கிறது.

காலத்தைச் சுருக்கியதும் பெரிய குற்றம் இல்லை. இலியடே பத்தாம் வருடத்தில் சுமார் 50 நாட்களைத்தான் சொல்கிறது. ஹோமர் போர் முழுவதையும் பாடாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டதை அரிஸ்டாட்டில் பாராட்டவே செய்கிறார்.

பிப்ரவரி 10

அரிஸ்டாட்டிலைச் சொன்னதும் நினைவு வந்தது. 'கவிதையியல்' நூலில் அவரே ஒரு வரம்பு போடுகிறார். வழிவழியாக வந்த கதைகளின் முடிச்சை அவிழ்க்கக் கூடாது, உதாரணமாக கணவன் அகமெம்னனைக் கொன்ற கிளைடெம்னெஸ்ட்ரா தன் மகன் ஒரெஸ்டஸின் கையால்தான் சாக வேண்டும் என்கிறார். மற்றபடி கவிஞன் தன் திறமையைக் காட்டலாம்.

இந்த அளவுகோலை வைத்தால் 2004-இல் வந்த 'ட்ராய்' விழுந்துவிடுகிறது. அதில் ஹெலனின் கணவன் மெனலாஸை ஹெக்டர் கொன்றுவிடுகிறான். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனை, போரில் பிடிபட்ட பெண் பிரைசீஸ் கத்தியால் குத்திவிடுகிறாள். புராணத்தில் இரண்டு பேருமே போரில் சாவதில்லை. மெனலாஸ் ஹெலனோடு ஸ்பார்ட்டாவுக்குத் திரும்பி, வசதியாக வாழ்ந்து, ஒடிஸியில் ஒடிஸியஸின் மகன் டெலமாக்கஸுக்கு விருந்து வைக்கிறான். அகமெம்னன் வெற்றியோடு வீடு திரும்பி அங்கே கொல்லப்படுகிறான். போருக்குக் கப்பல் புறப்படக் காற்று வேண்டும் என்று சொந்த மகளைப் பலி கொடுத்தவன் அவன். அந்தக் கணக்கைத் தீர்க்க மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா பத்து வருடம் காத்திருந்தாள்.

அகமெம்னனை ட்ராயிலேயே கொன்றுவிட்டால் இந்த வீடு திரும்பலே கிடையாது. அதை வைத்து நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் எழுதிய மூன்று நாடகங்களுக்கும் இடமில்லை. என் கோபம் கடவுள்களைத் தூக்கியதில் இல்லை. இதில்தான்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

"கெட்டவன் தண்டனை பெற்றான், ரசிகருக்குத் திருப்தி, இதில் என்ன நஷ்டம்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

அந்தக் 'கெட்டவன்' எங்கிருந்து வந்தான் என்று பாருங்கள். இலியடில் வில்லனே கிடையாது. அகமெம்னன் பேராசைக்காரன், பிடிவாதக்காரன், ஆனால் தன் தவறை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு பரிகாரம் தருகிறான். அக்கிலீஸிடமிருந்து பறித்த பிரைசீஸைத் தொடவில்லை என்று சத்தியம் செய்து திருப்பி அனுப்புகிறான். படத்து அகமெம்னன் உலகத்தையே விழுங்கப் பார்க்கும் ஆசாமி. பிரையன் காக்ஸ் அருமையாக நடித்திருக்கிறார், அதனாலேயே ஏமாற்றம் கூடுகிறது.

பிப்ரவரி 12

வார இறுதி வரை பொறுக்க முடியவில்லை. 2007-இல் வந்த 'ட்ராய்' இயக்குநர் பதிப்பைப் பார்த்து முடித்தேன், மூன்று மணி நேரத்துக்கும் மேல். பக்கத்தில் இலியடை வைத்துக்கொண்டு, படம் அக்கிலீஸிடமிருந்து எதையெல்லாம் எடுத்துவிட்டது என்று குறித்தேன். படம் எதைச் சேர்த்தது என்று எல்லாரும் பேசுகிறார்கள், எதை நீக்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் காண்டத்தில் அக்கிலீஸ் சும்மா கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்காரவில்லை. தேவதையான தாயிடம் அழுது, ட்ராய் பக்கம் ஜெயிக்கும்படி கடவுள்களின் அரசன் சீயஸிடம் கேட்கச் சொல்கிறான். தன் அருமை தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் தோழர்கள் சாக வேண்டும் என்று வரம் கேட்கிறான். அந்த வரம் பலிக்கிறது. அதில் கடைசியாகச் செத்தவன் அவனுடைய உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸ். இலியட் என்ற பெரிய காவியம் நிற்பதே இந்த ஒரு கண்ணி மேல்தான். படத்தில் அந்த வரம் இல்லை. அக்கிலீஸ் போரை வெறுத்து ஒதுங்கிய நல்லவன், அவ்வளவுதான்.

21-ஆம் காண்டத்தில் லைகேயான் என்ற இளைஞன், ஆயுதம் எதுவும் இல்லாமல் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். அக்கிலீஸ் அவனை நண்பா என்றே அழைக்கிறான். நீயும் செத்துப்போ, உன்னைவிட மேலானவன் பேட்ரோக்ளஸே செத்துவிட்டான், ஒரு நாள் நானும் சாகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெட்டுகிறான். படத்தில் இல்லை.

23-ஆம் காண்டத்தில் பேட்ரோக்ளஸின் சிதையில் 12 ட்ராய் இளைஞர்களைக் கொன்று போடுகிறான். படத்தில் இல்லை.

பிரைசீஸின் கணவனையும் மூன்று சகோதரர்களையும் கொன்றது கிரேக்கப் படையெடுப்பு. கணவனைக் கொன்றவன் அக்கிலீஸே. 19-ஆம் காண்டத்தில் பேட்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து அவளே இதைச் சொல்லி அழுகிறாள். படத்தில் அவள் ட்ராய் அரச குடும்பத்துப் பெண், கோயில் பூசாரி. அக்கிலீஸ் அவளை முரடர்களிடமிருந்து காப்பாற்றுகிறான், காதல் வருகிறது.

ஆக அக்கிலீஸைக் கழுவித் துடைத்தாகிவிட்டது. கழுவிய அழுக்கு முழுவதும் அகமெம்னன் மேல் போயிருக்கிறது.

பிப்ரவரி 13

ஹெக்டரைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவனையும் கழுவியிருக்கிறார்கள். ஹோமரின் ஹெக்டர் நல்ல மகன், நல்ல தகப்பன். ஆறாம் காண்டத்தில் தலைக்கவசத்தைப் பார்த்துக் குழந்தை அலற, அவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கும் இடத்தை மறக்க முடியாது. அதே ஹெக்டர் 17-ஆம் காண்டத்தில் தான் கொன்ற பேட்ரோக்ளஸின் தலையை வெட்டவும், உடலை நாய்களுக்குப் போடவும் எண்ணி இழுக்கிறான். படத்து ஹெக்டர், தான் கொன்றது ஒரு சின்னப் பையன் என்று தெரிந்ததும் மனம் உடைந்து போகிறான்.

அந்தச் 'சின்னப் பையன்' பற்றியும் சொல்ல வேண்டும். ஹோமரில் பேட்ரோக்ளஸ் அக்கிலீஸைவிட மூத்தவன். அவனுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இருப்பவன்.

பிப்ரவரி 16

கடவுள்கள் இல்லாததுதான் பெரிய துரோகம் என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு படம் சொல்கிறேன். ஹாலிவுட் இல்லை, கிரேக்கப் படம். மைக்கேல் கக்கோயானிஸ் யூரிபிடீஸின் நாடகத்தை வைத்து 1977-இல் எடுத்த 'இஃபிஜீனியா', அகமெம்னன் பலி கொடுத்த மகளின் கதை. பலி கேட்ட ஆர்டெமிஸ் தேவதை ஒரு காட்சியில்கூட வருவதில்லை. பலிபீடத்தில் பெண்ணுக்குப் பதில் மான் வந்தது என்ற முடிவையும் நீக்கிவிட்டார். வெயில், காற்றில்லாத கடற்கரை, பொறுமை இழந்த படை, ஒரு தகப்பன். அந்த அகமெம்னன் மகளைக் கொல்ல விரும்பாதவன். ஆனால் படைக்கும் பதவிக்கும் பயந்தவன். அவனை வெறுக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. ஐரீன் பாப்பாஸ் கிளைடெம்னெஸ்ட்ராவாகப் பார்க்கும் அந்தக் கடைசிப் பார்வையிலேயே அடுத்த பத்து வருடமும் தெரிந்துவிடுகிறது.

இதிலும் கடவுள் இல்லை. ஆனாலும் யூரிபிடீஸ் முழுசாக இருக்கிறார்.

பிப்ரவரி 17

கடவுள்களை வைத்து எடுத்த படங்கள் மட்டும் என்ன செய்தன? டிஸ்னியின் 1997 'ஹெர்குலிஸ்', 2010-இல் வந்த 'க்ளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' இரண்டிலும் பாதாளக் கடவுள் ஹேடீஸ்தான் வில்லன். பாதாளம் என்றதும் சாத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இலியட் 15-ஆம் காண்டத்தில் பொசைடனே தெளிவாகச் சொல்கிறான்: மூன்று சகோதரர்களும் சீட்டுக் குலுக்கினோம், எனக்குக் கடல், ஹேடீஸுக்கு இருட்டு, சீயஸுக்கு வானம். ஹேடீஸ் கண்டிப்பான அதிகாரி மாதிரி, வந்தவரைத் திருப்பி அனுப்பமாட்டான். சதி செய்து மேலே வரும் ஆளே இல்லை. சீயஸின் மகள் பெர்சஃபோனியைத் தூக்கிப் போனது கொடுமை, ஆனால் அதற்கும் சீயஸின் சம்மதம் இருந்தது.

டிஸ்னி படத்தில் சீயஸின் மனைவி ஹீரா பாசமான அம்மா. புராணத்தில் ஹெர்குலிஸின் வாழ்க்கை முழுவதையும் நாசமாக்கியவளே அவள்தான். சிறுவர் படம், அதற்கு மேல் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

பிப்ரவரி 23

ஹெர்குலிஸ் பற்றிச் சண்டைக்குப் போகமாட்டேன் என்றேன். ஆனால் 2014-இல் ட்வெயின் ஜான்சன் நடித்து வந்த 'ஹெர்குலிஸ்' பெரியவர்களுக்கான படம், அதை விட முடியாது.

புராணத்தில் ஹெர்குலிஸ் பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளைத் தானே கொல்கிறான். பித்தை ஏவியது ஹீரா, ஆனால் கை அவனுடையது. யூரிபிடீஸ் நாடகத்தில் மனைவியும் சாகிறாள். தெளிந்ததும் தகப்பனே பிணங்களைக் காட்டி, நீதான் செய்தாய் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் தற்கொலை செய்துகொள்ளப் போகிறான். அப்போது நண்பனும் ஏதென்ஸ் மன்னனுமான தீசியஸ் வருகிறான். ஹெர்குலிஸ் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு, என்னைத் தொடாதே, என் பாவம் உனக்கு ஒட்டிவிடும் என்கிறான். தீசியஸ் கேட்கவில்லை. நட்புக்குத் தீட்டு கிடையாது என்று கையைப் பிடித்துத் தூக்கி ஏதென்ஸுக்குக் கூட்டிப் போகிறான். வானத்தையே தோளில் தாங்கியவன் ஒரு நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதோடு நாடகம் முடிகிறது.

2014 படத்தில்? மன்னன் யூரிஸ்தியஸ் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, ஓநாய்களை ஏவி அவன் குடும்பத்தைக் கொன்றுவிட்டான் என்று கடைசியில் தெரியவருகிறது. ஹீரோ நிரபராதி. இனி வில்லனைக் கொன்றால் போதும்.

இதைப் பார்த்த பிறகுதான் என் வாதம் எனக்கே முழுசாகப் பிடிபட்டது. அக்கிலீஸின் பாவம் அகமெம்னனுக்கு. ஹெர்குலிஸின் பாவம் யூரிஸ்தியஸுக்கு. கடவுள் உண்டா இல்லையா, குதிரை உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். ஹீரோ தன் கையால் செய்ததைத் தானே சுமக்கிறானா? கிரேக்கக் கதையை ஒழுங்காக எடுத்தார்களா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். நிரபராதி ஹெர்குலிஸுக்கு எதற்கு தீசியஸ்?

மார்ச் 2

இவ்வளவு திட்டிய பிறகும் 'ட்ராய்' படத்தில் ஒரு காட்சிக்காக நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பீட்டர் ஓ'டூல் ஹெக்டரின் தகப்பனான கிழவன் பிரையமாக இரவில் அக்கிலீஸின் கூடாரத்துக்குள் வந்து, மகனைக் கொன்ற கையை முத்தமிடும் காட்சி. இலியடின் 24-ஆம் காண்டம். வசனம் கொஞ்சம், முகம் நிறைய. அந்தச் சில நிமிடங்கள் ஹோமர்தான்.

ஆனால் மூலத்தில் அதற்குப் பிறகு ஒன்று வருகிறது. இருவரும் அழுது முடித்ததும் அக்கிலீஸ் கிழவனைச் சாப்பிடச் சொல்கிறான். 12 பிள்ளைகளைப் பறிகொடுத்த நயோபிகூட அழுது களைத்த பிறகு சாப்பிட்டாள், நாமும் சாப்பிடுவோம் என்கிறான். ஆட்டை அறுத்து, இறைச்சியைச் சுட்டு, அவனே பரிமாறுகிறான். படத்தில் அந்தச் சாப்பாடு இல்லை.

முதல் தடவை படித்தபோது எனக்கும் அது தேவையில்லாத இடமாகத்தான் பட்டது. பிறகு எங்கள் பெரியப்பாவின் மகன் சாலை விபத்தில் போனான். உடலுக்காக மருத்துவமனை வாசலில் இரவெல்லாம் காத்திருந்தோம். மோதிய வண்டியின் ஓட்டுநரும் கையில் கட்டோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். எங்களில் சிலர் அவரை அடிக்கப் போகும் மனநிலையில் இருந்தோம். விடியற்காலையில் பெரியப்பா எழுந்து போய் டீயும் பன்னும் வாங்கி அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். "அவனும் ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைடா" என்றார்.

24-ஆம் காண்டத்தை அதற்கப்புறம் நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்தச் சாப்பாட்டை வெட்டியவர்களுக்கு நேரம் போதவில்லை என்று சொல்லலாம். இயக்குநர் பதிப்பில் கூட்டிய நேரத்தில் ரத்தம்தான் கூடியிருக்கிறது.

மார்ச் 4

"ஹெக்டர் பயந்து ஓடுவதை நீக்கியது துரோகம் இல்லையா?" என்று ஒருவர்.

ஆமாம், ஹோமரில் அக்கிலீஸைக் கண்டதும் ஹெக்டர் ஓடுகிறான். மதில் சுற்றி மூன்று தடவை. கிரேக்கர் பக்கம் நிற்கும் ஏதீனா தேவதை அவன் தம்பி உருவத்தில் வந்து ஏமாற்றிய பிறகே நிற்கிறான். படத்தில் நேருக்கு நேர் நின்று மோதுகிறான். இதில் நான் படக்குழு பக்கம். இந்தத் துரத்தல் காவியத்தில் எடுபடும், மேடையில் போட்டால் சிரிப்பாகிவிடும் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். படை முழுக்கச் சும்மா நிற்க, அக்கிலீஸ் மட்டும் தலையசைத்து அவர்களைத் தடுத்தபடி துரத்துவதைக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்?

மார்ச் 15

பழைய படங்களையும் பேசுங்கள் என்றார்கள். பேசுகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்', தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலில் போகும் ஜேசனின் கதை. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படம் பிடித்து உயிர் கொடுத்த ரே ஹாரிஹௌசனின் உச்சம். ஏழு எலும்புக்கூடுகளோடு மூன்று பேர் வாள் சண்டை போடும் அந்தச் சில நிமிடக் காட்சிக்கு அவருக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது. மூலத்தில், அதாவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் எழுதிய காவியத்தில், விதைத்த பாம்புப் பற்களிலிருந்து முளைப்பவர்கள் சதையும் கவசமும் கொண்ட வீரர்கள். ஜேசன் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி நடுவில் போட, அவர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொள்கிறார்கள்.

வெண்கல மனிதன் டாலோஸ் மூலத்தில் திரும்பும் வழியில் கிரீட் தீவில் வருகிறான். அவனை வீழ்த்துவது ஜேசனைக் காதலித்து உடன் வரும் மெடியாவின் மந்திரம். படத்தில் போகும் வழியிலேயே வந்துவிடுகிறான், ஜேசன் குதிகாலின் மூடியைத் திறந்து கொல்கிறான். இடமும் ஆளும் மாறியது. ஆனால் அந்த ராட்சதன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறித் தள்ளாடுவதைப் பாருங்கள். அப்பொல்லோனியஸ் அவன் விழுவதை, மரவெட்டிகள் பாதி வெட்டி விட்டுப்போன மலைப் பைன் மரம் இரவுக் காற்றில் ஆடி ஆடி முறிவதோடு ஒப்பிடுகிறார். எதிரியின் சாவிலும் ஒரு இரக்கம். பொம்மையை வைத்து அந்த இரக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார் ஹாரிஹௌசன். 200 குதிரைகளை ஓட்டி எடுத்தாலும் இது வராது.

மார்ச் 15, தொடர்ச்சி

ஆனால் என் கேள்வியை இந்தப் படத்துக்கும் போட வேண்டும் அல்லவா? மூலத்தில் துரத்தி வரும் மெடியாவின் அண்ணன் அப்சிர்டஸை, பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி ஏமாற்றி, ஆர்டெமிஸ் கோயில் வாசலில் ஜேசன் வெட்டிக் கொல்கிறான். மெடியா முகத்திரையால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பாவம் தீர ஜேசன் மூன்று தடவை அந்த ரத்தத்தை நக்கித் துப்புகிறான். படம் இதைத் தொடவில்லை. தங்கத் தோல் கிடைத்ததும் கப்பல் கிளம்பிவிடுகிறது, ஜேசனின் கதை இன்னும் முடியவில்லை என்று சீயஸ் சொல்வதோடு படம் முடிகிறது.

யோசித்துப் பார்த்தால், இந்தப் பாவத்தை யார் தலையிலும் அந்தப் படம் தள்ளிவிடவில்லை. அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டது. பின்னால் கொரிந்த் நகரில் மெடியா தன் பிள்ளைகளையே கொல்லப்போவது எல்லாம் அப்படியே காத்திருக்கிறது. 'ட்ராய்' போல வாசலை அடைக்கவில்லை. அதனால் அந்தப் படத்தின்மேல் எனக்குக் குறை இல்லை.

மார்ச் 16

சின்னத் திருத்தம், நேற்று ஒருவர் எழுதியதற்கு. கிராக்கன் கிரேக்கப் பிராணி இல்லை, வட ஐரோப்பியக் கடற்கதைகளில் வருவது. 1981 'க்ளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' அதை இழுத்து வந்தது. அந்தப் படத்தின் நாயகன் பெர்சியஸ் புராணத்தில் பறந்தது சிறகு முளைத்த செருப்பில். பெகாசஸ் குதிரையில் சவாரி செய்தவன் பெல்லரஃபன். படத்தில் வரும் உலோக ஆந்தைக்கு எந்தப் புராணத்திலும் இடமில்லை, ஆனால் என் தங்கை மகனுக்கு அதுதான் படத்தின் ஹீரோ. இருக்கட்டும்.

ஏப்ரல் 6

நோலன் படத்தைப் பற்றி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒற்றைக்கண் ராட்சதன் எவ்வளவு பெரியவனாக இருப்பான், கடவுள்கள் வருவார்களா, இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் ஒடிஸியின் 22-ஆம் காண்டத்தைத்தான் பார்ப்பேன்.

ஒடிஸியஸ் தான் இல்லாதபோது தன் மனைவியைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் கொன்று முடித்த பிறகு, அவர்களோடு படுத்த 12 பணிப்பெண்களைக் கூப்பிட்டுப் பிணங்களைச் சுமக்க வைக்கிறான், ரத்தத்தைக் கழுவ வைக்கிறான். பிறகு அவர்களை வாளால் கொல்லச் சொல்கிறான். டெலமாக்கஸ் அதுகூடக் கௌரவமான சாவு என்று நினைத்து, கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடுகிறான். வலையில் மாட்டிய பறவைகளைப் போல அவர்கள் கால்கள் சற்று நேரம் துடித்தன என்று எழுதுகிறார் ஹோமர். அந்த இடத்தில் அவர்களில் ஒருத்திக்குக்கூட வாய் திறந்து பேச இடம் கிடைக்கவில்லை.

இருபது வருடம் கழித்து வீடு வந்தவனை நாம் ஆசை ஆசையாகப் பின்தொடர்ந்து வந்த பிறகு இது நடக்கிறது. இதைக் காட்டினால், அல்லது காட்டாமலே அதன் பாரத்தை அவன் முகத்தில் வைத்தால், கடவுளே வராவிட்டாலும் அதை ஹோமரின் ஒடிஸி என்று ஒப்புக்கொள்வேன். வேறு யாரோ ஒரு வில்லன் அந்தப் பெண்களைக் கொன்றதாக மாற்றினால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஏப்ரல் 7

இலியடை எங்கிருந்து படிக்க என்று கேட்ட தம்பிக்கு: முதல் காண்டம், வரம் கேட்கும் இடம் வரை நிதானமாக. அப்புறம் 6, 9, 16. அங்கிருந்து கடைசி வரை ஒன்றையும் விடாதீர்கள். இரண்டாம் காண்டத்தில் வரும் கப்பல் பட்டியலை முதல் தடவை தாண்டிப் போகலாம். படத்தை முன்னாலேயே பார்த்திருந்தால் பரவாயில்லை, ஓ'டூலின் முகத்தோடு 24-ஆம் காண்டத்தைப் படிப்பது நல்லதுதான்.